உமாமாவுக்கு ஒட்டிய சீட்டு

"தெரியாது" என்று ஒரு சொல் தமிழில் இருப்பதே 'தெரியும்' பாய்க்குத் தெரியாது. ஐம்பத்து நான்கு வயதுவரை அந்தச் சொல் அவர் பல்லில் பட்டதில்லை. வழி கேட்டு யாராவது வந்தால், கேட்ட இடம் இந்த உலகத்திலேயே இல்லாவிட்டாலும், "நேரா போய் இடது பக்கம் திரும்புங்க" என்று கைகாட்டி அனுப்பிவைப்பார். அப்படிப் போனவர்களில் பாதிப் பேர் இன்னும் இடது பக்கமாகவே திரும்பிக்கொண்டிருக்கிறார்கள் என்று கிடங்கில் பேச்சு. அவருக்குத் 'தெரியும் பாய்' என்கிற பட்டப்பெயரை வைத்ததும் கிடங்குதான்.

கிடங்கு என்றால் சாதாரணக் கிடங்கு இல்லை. உள்ளே போன பூனை வெளியே வரும்போது கொள்ளுப்பேத்திகளோடு வரும், அத்தனை பெரியது. அங்கே சீட்டுப் பிரிவு தெரியும் பாயின் கையில். வருகிற சரக்கு, போகிற சரக்கு எல்லாவற்றுக்கும் பெயரும் விவரமும் அச்சடித்து ஒட்டுவது வேலை. அவருடைய தொழில் தர்மம் ஒன்றே ஒன்று: சரக்கு வருவதற்கு முன்னால் சீட்டு தயாராக இருக்க வேண்டும். "லாரி வாசல்ல நிக்கும்போது பேர் தேடுறவன், பசிச்ச பிறகு நெல்லு விதைக்கிறவன்" என்பார். அந்தச் சீட்டின் பசையும் லேசுப்பட்டதல்ல. மழையில் நனைந்தாலும், கடலில் விழுந்து எழுந்தாலும் அசையாது. பிடித்து உரித்தால் பெட்டிதான் கையோடு வரும்.

இப்படிப்பட்ட மனிதரிடம் போய் அவருடைய தங்கை ஒரு பெயர் கேட்டாள். விதி என்றுதான் சொல்ல வேண்டும்.

தங்கை அவருக்குப் பதினெட்டு வயது இளையவள். அவர் தோளிலேயே வளர்ந்தவள். இப்போது அவளுக்கு மூன்றாவது பிள்ளை வரப்போகிறது. முதல் இரண்டு பிள்ளைகளுக்கும் பெயர் வைத்தது அவள் இல்லை, பிள்ளைகளின் தகப்பனாரும் இல்லை. தகப்பனாரின் அக்கா. அந்த அம்மாவுக்குத் துணி ஆலையில் வேலை. கீழே விளக்கு எரியும் கண்ணாடி மேசைமேல் துணி ஓடிக்கொண்டே இருக்கும். அதில் ஓட்டை, இழை அறுந்த இடம், சாயம் பிடிக்காத இடம் எல்லாவற்றையும் கண்ணால் பிடித்து, குறை இருக்கிற இடத்தில் மட்டும் மஞ்சள் சீட்டு ஒட்ட வேண்டும். சுருள் முழுவதுமே தேறாது என்றால் சிவப்புச் சீட்டு. முப்பது வருடமாக இதே வேலை. ஆலையில் தொடங்கிய பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. காய்கறியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்ப்பார். மாப்பிள்ளை பார்க்கப் போன வீட்டில் மாப்பிள்ளையையே ஜன்னல் பக்கம் திரும்பி நிற்கச் சொன்னார் என்று கேள்வி. முதுகுக்குப் பின்னால் எல்லாரும் அவரைச் "சல்லடை அக்கா" என்பார்கள். முன்னால் சொன்னவர்கள் யாராவது இப்போது உயிரோடு இருக்கிறார்களா என்று தெரியவில்லை.

தங்கையின் புருஷன் பேருந்து ஓட்டுகிறவர். எப்பேர்ப்பட்ட சந்திலும் பேருந்தைத் திருப்பிவிடுவார், அக்காவின் பேச்சை மட்டும் அவரால் திருப்ப முடியாது.

ஆனால் இந்தத் தடவை தங்கை துணிந்துவிட்டாள். "மூணாவதுக்கு நான்தான் பேர் வைப்பேன்."

சல்லடை அக்கா மறுக்கவில்லை. "வையேன், யாரு வேண்டாம்னா? பிள்ளைக்கு நல்ல பேர் வைக்கணும்னுதான் நமக்குச் சொல்லியிருக்கு. பொருள் தேறணும், அவ்வளவுதான். தேறலைன்னா என் கையில ஒரு பேர் இருக்கு."

இதுதான் ஒப்பந்தம். அக்காவின் கையில் எப்போதும் ஒரு பெயர் இருக்கும் என்பது தங்கைக்குத் தெரியும். அதனால்தான் அண்ணனைக் கூப்பிட்டு, "அண்ணே, யாரும் வாயைத் திறக்க முடியாத மாதிரி ஒரு பேர் கொண்டா" என்றாள்.

"இதென்ன பெரிய விஷயம்? தெரியும்" என்றார் அண்ணன்.

அந்த வெள்ளிக்கிழமையே பள்ளிவாசலில் பெயர் கிடைத்தது. தெரியும் பாய் பின்னால் வேறு மாதிரிச் சொன்னாலும், அன்று அவர் உட்கார்ந்திருந்தது முதல் வரிசையில் இல்லை, செருப்பு அடுக்குகிற மூலையில். பயான் என்கிற சொற்பொழிவு தொடங்கிய கொஞ்ச நேரத்தில் தலை தொங்கிவிட்டது. நடுவில் விழிப்பு வந்தபோது இமாம் ஒரு சிறு பெண்ணைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அவ்வளவுதான், தூக்கம் பறந்தது. வாயைப் பிளந்துகொண்டு கேட்டார். இமாம் அடுத்த விஷயத்துக்குப் போவதற்குள் யாரோ அவர் தோளைத் தட்டி, "பாய், உங்க வண்டி என் வண்டியை மறிச்சுக்கிட்டு நிக்குது" என்றார். வண்டியை நகர்த்திவிட்டு வந்தபோது எல்லாரும் தொழுகைக்கு எழுந்து நின்றிருந்தார்கள்.

நேரே தங்கை வீட்டுக்குப் போனார். அவள் வீங்கிய கால்களை இரண்டு தலையணைமேல் தூக்கிவைத்துப் படுத்திருந்தாள்.

"உமாமா" என்றார். "நபிகள் நாயகத்தோட பேத்தி. மகள் ஸைனபுக்குப் பிறந்த பிள்ளை. நாயகம் அவர்கள் எல்லாருக்கும் முன்னால நின்னு தொழ வைக்கிறாங்க. தோள்ல யாரு? இந்தப் பிள்ளை."

"தொழுதுக்கிட்டு இருக்கும்போதா?"

"ஆமாங்கிறேன். நெத்தி தரையில படுற சுஜூதுக்குப் போகும்போது மெதுவா இறக்கி விடுவாங்க. எழுந்திரிக்கும்போது திரும்பவும் தூக்கிக்குவாங்க."

தங்கை முழங்கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தாள். "யாரும் பிள்ளையை வெளியில தூக்கிட்டுப் போன்னு சொல்லலையா?"

"அங்க யாரு சொல்றது?"

பிள்ளை பெற்ற நாளிலிருந்து அவள் கேட்ட வாக்கியம் அது ஒன்றுதான். கல்யாண மண்டபத்தில், வங்கியில், பள்ளிக்கூடக் கூட்டத்தில், பிள்ளை லேசாகச் சிணுங்கினாலே போதும், பத்துத் தலை திரும்பும். "கொஞ்சம் வெளியில தூக்கிட்டுப் போங்களேன்." இந்த ஊரில் எந்தக் கட்டடத்துக்கும் உள்ளே என்ன நடக்கிறது என்று அவளுக்குத் தெரியாது, தாழ்வாரங்கள் மட்டும் மனப்பாடம்.

"பொண்ணு பிறந்தா இந்தப் பேர்தான்" என்றாள். "அண்ணே, வேற எந்தப் பேரும் எனக்கு வேண்டாம். அர்த்தம் என்ன?"

ஒரு தும்மலுக்கு ஆகிற நேரம்கூட ஆகவில்லை. தெரியும் பாய் சொன்னார்: "வானத்து விளக்கு."

எங்கிருந்து வந்தது அந்த விளக்கு? அவருக்கே தெரியாது. நாக்கு தானாக ஏற்றியது.

பெண்தான் பிறந்தது. பிறக்கும்போதே ஒரு குரல்! மகப்பேற்று வார்டில் மயக்க மருந்து கொடுத்துப் படுக்கவைத்திருந்தவர்கள் எல்லாரும் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள் என்று தெரியும் பாய் ஊர் முழுக்கச் சொன்னார். யாருடைய மடியிலும் அடங்கவில்லை. தாயின் மடியில் பால் குடிக்கிற நேரம் அமைதி, மற்ற நேரமெல்லாம் சங்குதான்.

ஏழாம் நாள் பெயர் வைப்பது என்று முடிவானது. தெரியும் பாய் அன்று மாலையே கிடங்கின் இயந்திரத்தில், முதலாளியிடம் சொல்லிவிட்டுத்தான், சீட்டு அச்சடித்தார். மேலே பெரிய எழுத்தில் "உமாமா". கீழே சின்ன எழுத்தில் "வானத்து விளக்கு". ஓரத்தில் ஒரு குட்டி விளக்குப் படம் வேறு. விருந்தினருக்குக் கொடுக்க வாங்கிய இனிப்புப் பெட்டிகள் அத்தனையிலும் தன் கையாலேயே ஒட்டி, கொண்டுபோய்த் தங்கை வீட்டு உள்ளறையில் அடுக்கிவைத்தார். சரக்குக்கு முன்னால் சீட்டு. அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

மறுநாள் சல்லடை அக்கா விடுப்புப் போட்டுவிட்டு, ஒரு பையும் மூக்குக்கண்ணாடியுமாக வந்து இறங்கினார், பிள்ளை பெற்றவளுக்கு ஒத்தாசையாக. உள்ளறைக்குள் போனவர் ஒரு பெட்டியோடு வெளியே வந்தார். தெரியும் பாய் அப்போது கூடத்தில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"இது என்ன விளக்கு?" என்றார் அக்கா.

"வானத்து விளக்குக்கா."

"நூர் தெரியும். சிராஜ் தெரியும். மிஸ்பாஹ் தெரியும். வெளிச்சத்துக்கும் விளக்குக்கும் குர்ஆன்ல வர்ற சொல்லு. இது எந்த விளக்கு?"

"இது... பழைய விளக்குக்கா."

"எந்தக் கிதாபுல போட்டிருக்கு?"

"பெரிய கிதாபு. பச்சை அட்டை."

அக்கா பெட்டியை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து, அந்தச் சின்ன எழுத்தை நிதானமாகப் பார்த்தார். "விசாரிக்கிறேன்" என்றார்.

உள்ளே படுத்திருந்த தங்கையின் குரல் வந்தது. "விசாரிங்க மைனி, நல்லா விசாரிங்க. எங்க அண்ணன் சும்மா சொல்ல மாட்டாரு." அந்தக் குரலில் இருந்த நம்பிக்கையைக் கேட்டதும் தெரியும் பாய்க்கு முதுகில் எறும்பு ஊர்ந்தது. பெயர் தோற்றால் தோற்பது அவர் இல்லை. ஏழாம் நாள், நாலு பேர் முன்னால், தன் பிள்ளைக்குத் தான் வைத்த பெயரைத் தங்கை திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கும்.

மறுநாள் மதியம் ஓட்டமும் நடையுமாகப் பள்ளிவாசலுக்குப் போனார். நடுப்பகல் லுஹர் தொழுகை முடிந்து கூட்டம் கலைந்திருந்தது. இமாம் சின்ன வயதுக்காரர். ஏணிமேல் நின்று மின்விசிறியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நல்ல நேரத்துல வந்தீங்க பாய். ஏணியைப் பிடிங்க."

பிடித்தார். பிடித்துக்கொண்டே கேட்டார். "ஹஜ்ரத், வெள்ளிக்கிழமை உமாமான்னு ஒரு பேர் சொன்னீங்களே. அதுக்கு என்ன அர்த்தம்?"

"பயான்லயே சொன்னேனே."

"சொன்னீங்க, சொன்னீங்க. எனக்குத் தெரியும். உங்களுக்கு ஞாபகம் இருக்கான்னு பார்த்தேன்."

இமாம் சிரித்துக்கொண்டே இறங்கினார். அலமாரியைத் திறந்து ஓர் அகராதியை எடுத்தார். தலைக்கு வைத்துப் படுக்கலாம், அத்தனை தடிமன். பக்கத்தைப் புரட்டி, விரலை வைத்தார்.

"முந்நூறு ஒட்டகம்."

"எங்க?"

"இங்க. இந்தச் சொல்லுக்கு அகராதியில போட்டிருக்கிற பொருள். முந்நூறு ஒட்டகம்."

தெரியும் பாய் விரலைப் பார்த்தார், விட்டத்தைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார். "பச்சைக் குழந்தைக்கா?"

"குழந்தைக்குத்தான்."

"ஓரத்துல வேற ஏதாவது சின்ன எழுத்துல போட்டிருக்கா பாருங்க ஹஜ்ரத். விளக்கு, வெளிச்சம், அந்த மாதிரி."

"வேற விதமாப் பொருள் சொல்றவங்களும் இருக்காங்க. அதுல எது உறுதின்னு எனக்குத் தெரியாது. ஆனா விளக்குன்னு யாரும் சொன்னதில்லை."

"அதென்ன முந்நூறு? இருநூறு இல்ல, ஐந்நூறு இல்ல?"

"தெரியாது."

தெரியும் பாய் திடுக்கிட்டார். இத்தனை கிதாபு படித்தவர், இந்த வயதில், கொஞ்சமும் கூச்சமில்லாமல், ஒரே நிமிடத்தில் இரண்டு தடவை தெரியாது என்கிறாரே!

இமாம் மறுபடியும் ஏணியில் ஏறினார். "ஒண்ணு மட்டும் சொல்லலாம். அந்தக் காலத்துல ஒரு உயிர் போச்சுன்னா அதுக்கு ஈடு நூறு ஒட்டகம். அப்ப முந்நூறுன்னா எவ்வளவு பெரிய செல்வம்னு நீங்களே பார்த்துக்குங்க." விசிறியின் இறக்கையைத் துடைத்தபடி சொன்னார்: "காலையில வந்த அம்மாவும் இதையேதான் கேட்டாங்க. ஏன் முந்நூறுன்னு."

"எந்த அம்மா?"

"மூக்குக்கண்ணாடி போட்டிருந்தாங்க. அகராதியை வாங்கி, அப்படியே ஜன்னல் வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சு... பாய்! ஏணி! ஏணியைப் பிடிங்க!"

அதற்குப் பிறகு தெரியும் பாய் கிடங்கில் நடமாடிய விதத்தைப் பார்த்தவர்கள், அவருக்குக் காய்ச்சல் என்று நினைத்தார்கள். ஒரு பெட்டியைப் பார்ப்பார், ஒட்டகமாகத் தெரியும். தட்டுவரிசைகளுக்கு நடுவே நின்று கைவிரித்து அளப்பார். ஒட்டகத்துக்கு எவ்வளவு நீளம்? படுக்கவைத்தால் எவ்வளவு, நிறுத்திவைத்தால் எவ்வளவு? முந்நூறும் ஒரே நேரத்தில் தண்ணீர் கேட்டால் ஊர்த் தொட்டி தாங்குமா? மாடி வீட்டுக் குழாய்க்காரர்கள் சண்டைக்கு வர மாட்டார்களா?

கடைசியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவரை நிறுத்திக் கேட்டேவிட்டார். "முந்நூறு ஒட்டகம் வந்தா எங்கப்பா இறக்குவே?"

அவர் அசரவில்லை. "சீட்டு ஒட்டியாச்சா?"

"ஒட்டியாச்சு. அதானே வினை."

"அப்படின்னா இறக்கிட வேண்டியதுதான். ஆனா பாய், முந்நூறு ஒட்டகம் வருதுன்னா அதை ஏன் இப்படி இழவு வீட்டு முகத்தோட சொல்றீங்க? என் வீட்டுக்கு முந்நூறு ஆடு வந்தாலே நான் தெருவுல நின்னு குதிப்பேன்."

தெரியும் பாய்க்கு அந்தப் பேச்சு மண்டைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. ஆமாம், வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒன்றுமில்லாத மணல்காடு. கூடாரத்து வாசலில் ஒருவன் நிற்கிறான். தூரத்தில் புழுதி கிளம்புகிறது. பத்து, இருபது, ஐம்பது என்று வந்துகொண்டே இருக்கிறது, நிற்கவே இல்லை. அத்தனையும் அவனுடையது. அவன் என்ன பாடு பட்டிருப்பான்? சிரித்திருப்பானா, அழுதிருப்பானா? இதை நினைத்தால் வானத்து விளக்கு கொஞ்சம் மங்கலாகத்தான் தெரிந்தது.

ஆனாலும் தங்கையிடம் எப்படிச் சொல்வது? அதைவிட, சல்லடை அக்கா இன்னும் ஏன் சொல்லவில்லை? பூனை எலியைப் பிடித்த பிறகும் தின்னாமல் வைத்திருப்பது நல்லதற்கா? ஏழாம் நாள் சபையில்தான் சிவப்புச் சீட்டு என்று முடிவு கட்டினார். அதற்குள் பெட்டிகளையாவது வெளியே கடத்திவிட வேண்டும். சீட்டை உரிக்க முடியாது, பெட்டியை மாற்றலாம்.

ஆறாம் நாள், பிற்பகல் அஸர் தொழுகை நேரத்தில், தங்கை வீட்டுக்குப் போனார். மாப்பிள்ளை பேருந்தோடு போயிருந்தார். பெரிய பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலிருந்து வரவில்லை. கதவு சாத்தியிருந்தது, பூட்டவில்லை. தெருமுனையிலேயே கைக்குழந்தையின் சங்கு கேட்டது. அவர் கதவில் கை வைத்த நேரம், சட்டென்று நின்றது.

சத்தமில்லாமல் தள்ளி எட்டிப் பார்த்தார். தங்கை கட்டிலில் அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள், வாய் லேசாகத் திறந்திருக்க. கூடத்தில் தொழுகை விரிப்பு. அதன்மேல் சல்லடை அக்கா நின்று தொழுதுகொண்டிருந்தார். மூக்குக்கண்ணாடி பக்கத்து நாற்காலியில். தோளில் குழந்தை.

ஒரு கை குழந்தையின் முதுகைத் தாங்கியிருந்தது. கழுத்து நிற்காத பிள்ளை. அதன் தலை அவர் கன்னத்தோடு ஒட்டியிருந்தது. குனிகிற நேரம் வந்தது. பக்கத்தில் மடித்துப் போட்டிருந்த போர்வைமேல் குழந்தையை மெதுவாகக் கிடத்தினார். குனிந்தார், நிமிர்ந்தார், சுஜூது செய்தார். குழந்தை கையை ஆட்டியது. அழவில்லை. மறுபடி எழும்போது முழங்கால் 'மடக்'கென்று சத்தம் போட, ஒரு கையை நாற்காலியில் ஊன்றி, மறு கையால் பிள்ளையை வாரித் தோளில் போட்டுக்கொண்டு நிமிர்ந்தார். ஐம்பத்தெட்டு வயது முழங்கால் அது. தெரியும் பாய்க்குத் தன் முழங்காலே வலித்தது.

உள்ளறைக்குப் போக அந்தக் கூடத்தைத்தான் கடக்க வேண்டும். தொழுகிறவருக்கு முன்னால் நடக்கக் கூடாது. நின்றார். பிறகு, வந்த வேலையை மறந்துவிட்டு, கதவைப் பஞ்சு மாதிரி சாத்திக்கொண்டு திரும்பிவிட்டார்.

ஏழாம் நாள் வீடு கொள்ளாத கூட்டம். கிடங்கிலிருந்து வந்தவர்களே ஒரு கப்பல் நிறைய. இமாம் வந்திருந்தார். குழந்தை சல்லடை அக்காவின் தோளில் இருந்தது. வேறு யார் வாங்கினாலும் சங்கு ஊதியது. தங்கை முகம் கழுவி, புதுப் புடைவையில், தலையில் முக்காட்டைச் சரிசெய்தபடி உட்கார்ந்திருந்தாள். கண் மட்டும் அக்காமேல்.

இமாம் கையேந்தி துஆ ஓதி முடித்து, "பேர்?" என்றார்.

"உமாமா" என்றாள் தங்கை, எங்கே யாராவது முந்திக்கொள்வார்களோ என்கிற அவசரத்தில்.

மாப்பிள்ளையின் பெரியப்பா, காது மந்தமானவர், மூலையிலிருந்து ஒரு குரல் விட்டார். "நல்லாருக்கே! பொருள் என்ன?"

மாப்பிள்ளை பழக்கதோஷத்தில் அக்காவைப் பார்த்தார். சல்லடை அக்கா குழந்தையின் முதுகைத் தட்டியபடி சொன்னார்: "பேரைக் கொண்டு வந்தவரே இருக்காரே. அவரைக் கேளுங்க."

அத்தனை தலையும் திரும்பியது. தெரியும் பாயின் நாக்கு நுனியில் வானத்து விளக்கு ஜெகஜோதியாக எரிந்துகொண்டிருந்தது. ஊதி அணைக்க அவர் பட்ட பாடு! தங்கையைப் பார்த்தார். அவள் "சொல்லுண்ணே" என்பது போலத் தலையசைத்தாள்.

"முந்நூறு ஒட்டகம்" என்றார்.

பெரியப்பா, "என்னது, குட்டகமா?" என்று கேட்க, கிடங்குக் கும்பல் "ஒட்டகம் பெரியப்பா, ஒட்டகம்! முந்நூறு!" என்று கத்த, வீடு வெடித்தது. சிரித்த சிரிப்பில் எதிர்வீட்டு ஜன்னல்கள் திறந்தன. தங்கை மட்டும் சிரிக்கவில்லை. அவள் முகம் சுருங்கிக்கொண்டே போவதைத் தெரியும் பாய் பார்த்தார்.

"அண்ணே, விளக்குன்னு சொன்னியே."

"அது நானா ஏத்தின விளக்கும்மா. நாயகத்தோட பேத்தி நிஜம். தோள்ல தூக்கினது நிஜம். ஒட்டகமும் நிஜம். விளக்கு மட்டும்தான்..."

தங்கை அவரைப் பார்க்கவில்லை. சல்லடை அக்காவின் பக்கம் திரும்பினாள். "மைனி, பேச்சுன்னா பேச்சுதான். ஒட்டகம் தேறாதுன்னா சொல்லிடுங்க."

"தம்பி, அந்தப் பெட்டியில ஒண்ணு எடு" என்றார் அக்கா.

மாப்பிள்ளை உள்ளறையிலிருந்து ஒரு பெட்டியைக் கொண்டுவந்து நீட்டினார். தெரியும் பாய் கண்ணை மூடிக்கொண்டார். சிவப்பு. கட்டாயம் சிவப்பு. கூட்டத்தில் யாரோ "அட" என்றார்கள். ஒரு கண்ணைத் திறந்தார்.

மஞ்சள். "உமாமா" என்ற பெரிய எழுத்து அப்படியே இருந்தது. அதன் கீழே "வானத்து விளக்கு" மட்டும் காணவில்லை. அந்த வரிமேல், விளக்குப் படத்தையும் சேர்த்து மறைத்து, ஆலையின் மஞ்சள் சீட்டு, ஓரம் பிசகாமல் ஒட்டப்பட்டிருந்தது. மாப்பிள்ளை ஓடிப்போய் மற்றப் பெட்டிகளையும் பார்த்தார். எல்லாவற்றிலும் அப்படியே.

"குறை எங்க இருக்கோ அங்கதான் சீட்டு" என்றார் சல்லடை அக்கா. "பேர்ல எனக்கு ஒரு குறையும் தெரியலை." பிறகு, சிரித்துக்கொண்டிருந்த கூட்டத்தைப் பார்த்தார். கூட்டம் சிரிப்பை விழுங்கியது. "ஒரு பொண்ணுக்கு, கீழ்ப்படியாதவள்னு பொருள் வர்ற மாதிரி பேர் இருந்துச்சு. நாயகம் அவர்கள் அதை மாத்தி ஜமீலான்னு வச்சாங்க. சரியில்லைன்னா மாத்தினவங்க. இந்தப் பேத்தியோட பேரை மாத்தலை. தோள்ல ஏத்திக்கிட்டாங்க. அவங்க தேறும்னு விட்டதுக்கு நான் யாரு சீட்டு ஒட்ட?" கொஞ்சம் நிறுத்தினார். "பொண்ணு பிறந்துச்சுன்னு சொன்னா அப்பன்காரன் முகம் கறுத்துப்போற காலம் அது. அந்தக் காலத்துல யாரோ தன் வீட்டுப் பொண்ணை முந்நூறு ஒட்டகம்னு கூப்பிட்டிருக்காங்க. சிரிக்கிறதுக்கு என்ன இருக்கு?"

தங்கை எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என் கையில இருந்த பேரும் நல்ல பேர்தான்" என்றார் அக்கா, விட்டுக்கொடுத்தது தெரியக்கூடாது என்று. "இருக்கட்டும், அடுத்ததுக்கு ஆகும்."

"அடுத்ததா!" என்று தங்கை அலறிய அலறலில் குழந்தை விழித்து, முந்நூறு ஒட்டகத்தின் குரலில் அழ ஆரம்பித்தது.

பந்தி ஓய்ந்து, கூட்டம் கலைகிற நேரம். தெரியும் பாய் ஓரமாக உட்கார்ந்து, ஒரு பெட்டியின் மஞ்சள் சீட்டைச் சுண்டுவிரல் நகத்தால் நெருடிக்கொண்டிருந்தார். நல்ல பசை. அவருடைய பசைக்குச் சளைத்ததல்ல. தங்கை வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"மன்னிச்சுடும்மா" என்றார்.

"நீ மூச்சு விடாம விளக்குன்னு சொன்னப்பவே கொஞ்சம் இடிச்சுது" என்றாள் அவள். "உனக்கு நிஜமாத் தெரிஞ்ச விஷயத்துக்கு நீ கொஞ்சம் யோசிச்சுத்தான் சொல்லுவே."

அப்போது சல்லடை அக்கா குழந்தையோடு வந்து நின்றார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"ஆமா, எனக்கு ரெண்டு நாளாத் தூக்கம் வரலை. அதென்ன கணக்கு, முந்நூறு? ஒரு மந்தைன்னா அவ்வளவுதானா? முந்நூத்தி ஒண்ணு ஆயிட்டா பேர் மாறிடுமா? ஏன் முந்நூறு?"

தங்கை அண்ணன் முகத்தைப் பார்த்தாள். பாத்திரம் எடுத்துக்கொண்டிருந்த கிடங்குக்காரர்களும் கையிலிருந்ததை அப்படியே வைத்துவிட்டுத் திரும்பினார்கள். தெரியும் பாய் வாயைத் திறந்தார்.

"தெரி..." என்றார்.

ஐம்பத்து நான்கு வருடப் பழக்கம் "யும்" என்று முடிக்கப் பார்த்தது. விழுங்கினார். ஒரு முறை கனைத்தார்.

"...யாது."

வானம் இடிந்து விழவில்லை. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர் கையிலிருந்த தட்டு மட்டும் விழுந்தது.

"எனக்கும் தெரியாது" என்றார் சல்லடை அக்கா, பரம சந்தோஷத்தோடு. "அப்ப, வாங்க."

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்த இமாம், ஒரு மூக்குக்கண்ணாடியும் ஓர் இனிப்புப் பெட்டியும் ஒரு கைக்குழந்தையும் சேர்ந்து தன்னை நோக்கி வேகமாக வருவதைப் பார்த்தார். பக்கத்தில் எங்கேயாவது ஏணி இருக்கிறதா என்று அவசரமாகச் சுற்றுமுற்றும் பார்த்தார்.